படத்தில் ஒன்றும் இல்லை

ஜனவரி 8

சிட்டுவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே உறையை மூலையில் வீசாமல் பிரித்திருக்கிறாய் என்றால், கடவுள் இன்னும் என் பக்கம்தான் இருக்கிறார். உன் அம்மாவின் காரியம் முடிந்த அன்று கூடத்தில் எல்லார் முன்னாலும் நீ என்னைப் பார்த்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய். அந்த வழக்கை இன்று பிரிக்கப் போவதில்லை. அண்ணியும் நாத்தனாருமாகச் சண்டை போட நமக்கு இன்னும் காலம் இருக்கிறதா என்பதுதான் இப்போது என் கவலை.

விஷயத்துக்கு வருகிறேன். என் தைராய்டு சுரப்பியை முழுவதும் எடுத்ததும், மிச்சம் மீதியைக் கருக்கக் கதிரியக்க அயோடின் கொடுத்ததும், புற்று ஒழிந்தது என்று சொல்லி அனுப்பியதும் உனக்குத் தெரிந்தவை. போன மாதம் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் தைரோகுளோபுலின் என்ற ஒன்று ஏறியிருக்கிறதாம். தைராய்டு திசு மட்டுமே உண்டாக்குகிற பொருள் அது. எனக்குத்தான் சுரப்பியே இல்லையே, பிறகு அது எங்கிருந்து வருகிறது என்று டாக்டரைக் கேட்டேன். அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். பூட்டிக் கிடக்கும் வீட்டில் புகை வந்தால் உள்ளே யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள் என்றுதானே பொருள்?

கண்டுபிடிக்க உடம்பு முழுவதும் அயோடின் ஸ்கேன் எடுப்பார்கள். கொஞ்சம் கதிரியக்க அயோடினை விழுங்கவைத்து, அது எந்த இடத்தில் போய் ஒட்டுகிறது என்று படம் பிடிப்பார்கள். ஒளிந்திருப்பவன் தின்ன வெளியே வர வேண்டுமானால் முதலில் அவனைப் பட்டினி போட வேண்டும். அதனால் நாளையிலிருந்து நாலு வாரம் தைராய்டு மாத்திரை நிறுத்தம். பிற்பாதியில் அயோடின் சேர்த்த உப்பு, பால், கடல் மீன், முட்டையின் மஞ்சள் கரு எதுவும் ஆகாது. மாத்திரையை நிறுத்தாமல் ஊசி போட்டும் செய்யலாமாம். அந்த ஊசி இங்கே கிடைப்பதில்லை.

காலையில் எழுந்ததும் என் கை தானாக மாத்திரை டப்பாவுக்குப் போகும். ஆகவே டப்பாவை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பூட்டு ரிப்பேர்க்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் பூட்டை நம்புகிறாளே என்று உன் அண்ணன் சிரிக்கிறார்.

இனி உன்னிடம் கேட்க வந்தது. அன்றைக்கு என்னை ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டு உன் அண்ணன் மட்டும் டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் என்ன பேசினீர்கள் என்றேன். "சும்மா, வண்டி எங்க நிறுத்தறதுன்னு கேட்டேன்" என்றார். புற்றுநோய் டாக்டரிடம் வண்டி நிறுத்துவதைப் பற்றிக் கேட்பார்களா? இந்த வீட்டில் நோயாளியிடம் எப்படிப் பேசுவோம் என்பது எனக்குப் புதிதல்ல. உன் அம்மாவிடம் வயிற்றுப் புண், வயிற்றுப் புண் என்றே கடைசி வரை சொன்னோம். நீ சொன்னாய், உன் அண்ணன் சொன்னார், நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டே தலையாட்டினேன். இப்போது அந்தக் கட்டிலில் நான் படுத்திருக்கிறேன்.

உன்னிடம் அவர் எதையும் மறைக்க மாட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுது. போன் வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் ஓட்டைக் குழாயில் காற்று போகிற மாதிரி இருக்கிறது. தவிர, அவர் பக்கத்திலேயே இருப்பார். பதிலை எதிர்வீட்டுத் தையல்காரி முகவரிக்குப் போடு. அவள் வாயும் தைத்த வாய்தான்.

அண்ணி


ஜனவரி 15

அண்ணிக்கு,

மருந்துக் கடையில் நின்று டாக்டர்களின் கிறுக்கலையே படிக்கிறவள் நான். உங்கள் முத்து முத்தான கையெழுத்தைக் கிழித்துப் போடுவேனா? ஆனால் தையல்காரி முகவரியைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. என் அண்ணன் என்ன, ரகசியப் போலீஸா? மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவன் அவன்.

அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் ஒன்றுமில்லை. ரத்தத்தில் ஏதோ ஏறியிருக்கிறது, ஸ்கேன் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். இது உங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதில் யார் யாருக்கு எதை மறைப்பது?

கடைக்காரியாக ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மாத்திரையை நிறுத்தினால் உடம்பு மந்தமாகும். முகம் ஊதும், குளிரும், மலச்சிக்கல் வரும், பேச்சு இழுக்கும். மனசும் சும்மா இருக்காது. நல்லவர்களைக் கண்டால்கூட இவன் ஏன் சிரிக்கிறான் என்று தோன்றும். அப்படித் தோன்றும்போதெல்லாம் பேசுவது நீங்கள் அல்ல, மாத்திரை இல்லாத உடம்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பேச்சை நீங்கள்தான் எடுத்தீர்கள், நான் எடுக்கவில்லை. எடுத்துவிட்டதால் சொல்கிறேன். அம்மாவுக்குக் கடைசி வாரம் எல்லாம் தெரிந்திருந்தது. நானும் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. வீட்டில் மிச்சம் யார் இருந்தது என்று நான் அன்றைக்குக் கேட்டேன். கேட்டது தப்பு என்றால் பதிலையும் சேர்த்து எழுதுங்கள்.

மாட்டுக்குப் போடுகிற கல்லுப்பில் அயோடின் இருக்காது என்பார்கள். அதை நம்பி வாங்காதீர்கள். அயோடின் சேர்க்காதது என்று அச்சடித்த பொட்டலமாகப் பார்த்து வாங்குங்கள்.

சிட்டு


ஜனவரி 27

சிட்டுவுக்கு,

நீ சொன்ன எல்லாமே வந்துவிட்டது. முகம் உப்பி, கண் இடுங்கி, கண்ணாடியில் வேறு யாரோ என்னை உற்றுப் பார்க்கிறாள். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று, எதற்கு ஏறினோம் என்று யோசிக்கிறேன். எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு மறுபடி எடுக்க அத்தனை நேரமாகிறது. வரிகள் கோணினால் பொறுத்துக்கொள்.

எல்லாவற்றையும் தாங்கினேன். போன வாரம் ஒன்று நடந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை. காலைப் பிரார்த்தனை எனக்கு எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்னாலிருந்தே மனப்பாடம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு நாலாவது வரியில் நின்றுவிட்டது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடி அதே இடத்தில் சுவர். அப்படியே உட்கார்ந்து அழுதேன். திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் உன் அண்ணன் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அதற்கு மறுநாளிலிருந்து அவர் வேறு மனிதர். நம்பினால் நம்பு, காலையில் எனக்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டிப் பால் விடாத காபி போட்டுக் கட்டிலுக்கே கொண்டுவந்து தருகிறார். கல்யாணமான நாளிலிருந்து வெந்நீர் வைக்கத் தெரியாதவர். தண்ணீர் கொதித்ததை எப்படிக் கண்டுபிடித்தார் என்றே எனக்கு ஆச்சரியம். நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், டம்ளரை அவரே கழுவுகிறார். நேற்று ஒரு கம்பளிச் சட்டை வாங்கிவந்தார். என்னைக் கேட்காமல், பேரம் பேசாமல், சரியான அளவில்.

நீ அன்பு என்பாய். நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். இத்தனை காலம் வராத அன்பு இந்த மாதம் ஏன் வருகிறது? உன் கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னாயே, இதோ எழுதுகிறேன். உன் அம்மாவிடம் யாரும் போட்டு உடைக்கவில்லை. போவதற்கு முந்தின வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அவரேதான் சொன்னார்: "எல்லாரும் திடீர்னு இவ்வளவு நல்லவங்களா மாறிட்டீங்களே, எனக்குத் தெரியாதா? நான் என்ன சின்னக் குழந்தையா?" இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருப்பேன். நீ கேள்வியாகக் கேட்கவில்லை, தீர்ப்பாகச் சொன்னாய்.

இன்னொன்று. நான் அழுத அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படிக்கு அடியில் நின்று போனில் குசுகுசுவென்று பேசினார். என் காலடிச் சத்தம் கேட்டதும் சத்தமாக, "சரி சரி, பூட்டு வந்ததும் சொல்றேன்" என்றார். வாடிக்கையாளரிடம் பேசும்போது அவர் கண் சிவந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் நீதானே?

அண்ணி


பிப்ரவரி 2

அண்ணிக்கு,

ஆமாம், நான்தான். எங்கள் கடை ஷட்டரின் பூட்டு இறுகிப்போய்விட்டது, அதைக் கேட்கத்தான் பேசினேன். கண் சிவந்தது இரும்புத் தூளால் இருக்கும். ராவுகிற வேலையில் கண்ணாடி போடு என்றால் கேட்கிறானா?

அம்மா சொன்னதைப் படித்தேன். அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை. படித்துவிட்டுக் கடையில் ஒருவருக்கு இருமல் மருந்துக்குப் பதில் வயிற்று மருந்தை எடுத்துக் கொடுத்து, அவர் திட்டி, மாற்றிக் கொடுத்தேன்.

அண்ணன் காபி போட்டால் குடித்துவிட்டுப் போங்களேன். எனக்கெல்லாம் ஒருவர் தண்ணீர் மொண்டு தந்தால் போதும், உயிலை எழுதிக் கொடுத்துவிடுவேன். ஸ்கேன் முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று உடனே எழுதுங்கள்.

சிட்டு


பிப்ரவரி 12

சிட்டுவுக்கு,

எல்லாம் முடிந்தது. எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், என்னைத் தவிர.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். உனக்குப் போன கடிதம் எழுதிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தேன். முக வீக்கம் வடிந்தது. படியில் நிற்காமல் ஏறினேன். ஒரு காலையில் நாலாவது வரி மட்டுமல்ல, முழுப் பிரார்த்தனையும் தடையில்லாமல் வந்தது. கடவுள் கருணை என்று நெஞ்சு நிறைய நன்றி சொன்னேன். மாத்திரை இல்லாமலே உடம்பு தேறுகிறது என்றால் அது வேறு யார் செயல்?

ஸ்கேன் அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். ஈயக் குடுவையைத் திறந்து, நீள இடுக்கியால் மருந்துக் குளிகையை எடுத்து, நான் விழுங்கியதும் அங்கே வேலை பார்க்கும் பெண் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை, தினம் அதே வேலை அவளுக்கு. அன்றே ரத்தமும் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் போனேன். குறுகலான பலகையில் படுக்கவைத்து, பெரிய தட்டு ஒன்றை மூக்கு உரசுகிற மாதிரி இறக்கினார்கள். அசையக் கூடாது. பலகை ஊர்வது தெரியாமல் ஊர்ந்தது. நான் மனசுக்குள் பிரார்த்தனை சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

படத்தில் ஒன்றும் இல்லை. கழுத்து, நெஞ்சு எல்லாம் வெறுமை. வயிற்றிலும் மூத்திரப் பையிலும் தெரிவது மருந்து வெளியேறும் வழி, அது எல்லாருக்கும் உண்டு என்றாள். உன் அண்ணன் அங்கேயே கையைக் கூப்பிவிட்டார். கடவுளை நினைத்து அவர் போட்ட முதல் கும்பிடு அதுதான். வழியில் இனிப்பு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார்.

நேற்று டாக்டரிடம் போனோம். அவர் படத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "அம்மா, மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். மறந்துபோய் ஒருநாள், இரண்டு நாள்? இல்லவே இல்லை என்றேன். மாத்திரையை நிறுத்தினால் டி.எஸ்.எச். என்ற தூண்டும் சுரப்பு ரத்தத்தில் எகிற வேண்டுமாம். எனக்குப் பாதிகூட ஏறவில்லை. அது ஏறாவிட்டால் ஒளிந்திருக்கும் செல்கள் அயோடினைத் தொடாது. அப்புறம் படம் வெறுமையாகத்தான் வரும். "இந்தப் படத்தை வச்சு உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு நான் சொல்ல முடியாது" என்றார். ஸ்கேன் எடுத்த நாளிலும் தைரோகுளோபுலின் இருக்கத்தான் செய்கிறதாம். இன்னும் சில வாரம் மாத்திரை இல்லாமல் இருந்து மறுபடி எடுக்க வேண்டும் என்றார். எழுதும்போது நர்ஸிடம், பேஷண்ட் ஒத்துழைக்கவில்லை என்று மெதுவாகச் சொன்னார். எனக்குக் குரல்தான் போயிருக்கிறது, காது போகவில்லை.

நான் பொய் சொல்லாதவள் என்று உலகத்தில் ஒருவருக்குத் தெரியும் என்றால் அது உன் அண்ணனுக்குத்தான். அவர் எழுந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, "படம் சுத்தமா இருக்கு, மறுபடி எதுக்கு உன்னைப் போட்டு வதைக்கணும், விட்டுடு" என்கிறார். நல்ல செய்தியை இவ்வளவு அவசரமாக என் கையில் திணிப்பது ஏன்? என்ன வந்திருக்கிறது என்று இவருக்கு முன்பே தெரியுமா? தெரிந்துதான் பார்க்க வேண்டாம் என்கிறாரா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எழுதவே கூசுகிறது. ஸ்கேனுக்கு முந்தின வாரம் அவர் டம்ளரைக் கழுவ மறந்து கடைக்கு ஓடிவிட்டார். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சர்க்கரை கரையாமல் நின்றிருக்கும் என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிக்கவில்லை.

உன் கடைக்குக் கதவுதானே, ஷட்டர் எப்போது போட்டார்கள்?

அண்ணி


பிப்ரவரி 17

அண்ணி,

எங்கள் கடைக்கு ஷட்டர் கிடையாது. உங்களிடம் பொய் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதாது.

அன்றைக்கு போன் செய்தது அண்ணன்தான். நீங்கள் பிரார்த்தனையை மறந்து அழுததைப் பார்த்திருக்கிறான். என்னிடம் அதைச் சொல்லும்போது அவன் அழுதான். அம்மா போனபோதுகூட அவன் அழுது நான் பார்க்கவில்லை. "அந்த மாத்திரையில பாதியாவது கொடுத்தா என்னம்மா ஆயிடும்?" என்று கேட்டான். கொடுக்கக் கூடாது, ஸ்கேன் வீணாகிவிடும், டாக்டரைக் கேட்காமல் எதையும் செய்யாதே என்றுதான் சொன்னேன். சரி என்றான். அழுததை மட்டும் அண்ணிகிட்ட சொல்லிடாதே என்றான். அதற்கு நான் சரி என்றேன்.

செய்திருப்பான் என்று அப்போது தோன்றவே இல்லை. உங்கள் கடிதத்தில் டி.எஸ்.எச். ஏறவில்லை என்று படித்ததும் புரிந்துவிட்டது. இனிக்காத வெள்ளை என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை. அவனுக்கு முன்பே ஏதும் தெரியுமோ என்று கேட்டீர்களே, அப்படி ஒன்றும் இல்லை. உங்களை ரத்தம் கொடுக்க அனுப்பிய அன்றைக்கு, உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்றுதான் டாக்டரிடம் கேட்டிருக்கிறான்.

அவன் கொடுக்கிற காபியைக் குடிக்காதீர்கள். மறு ஸ்கேனை விடாதீர்கள். படம் சுத்தம் என்று அவன் சொல்வது ஆசை, உண்மை அல்ல. உங்கள் சந்தேகத்தை மாத்திரை இல்லாத உடம்பு பேசுகிறது என்று எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடுங்கள். கூடத்தில் அன்று நான் சொன்னதையும் சேர்த்து அடிக்க வேண்டும். அதைக் கடிதத்தில் அடிக்க முடியாது, நேரில் வருகிறேன்.

சிட்டு


பிப்ரவரி 18

சிட்டுவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. அது வரும்போது இது உன் கைக்கு வந்திருக்கும். உண்மை தெரிந்துவிட்டது.

இன்று காலை வழக்கம்போல் காபி கொண்டுவந்தார். நான் வாங்கவில்லை. "முதல்ல நீங்க குடிங்க" என்றேன். அவர் திகைக்கவே இல்லை. மடமடவென்று முழு டம்ளரையும் குடித்துவிட்டு, "பார்த்தியா, இன்னைக்கு ஒண்ணும் கலக்கல" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். "அப்போ என்னைக்குக் கலந்தீங்க?" என்றேன்.

அவர் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். இழுப்பறையை எப்படித் திறந்தீர்கள் என்று கேட்கவில்லை. உன் அண்ணனுக்கு அது கொண்டை ஊசி வேலை. முதலில் தினம் ஒன்று கலந்தாராம். நான் மறுபடி பிரார்த்தனை சொல்ல ஆரம்பித்ததும், பலன் தெரிகிறதே என்று இன்னொன்றும் சேர்த்தாராம். "நாலாவது வரியில நின்னு நீ முழிச்சியே, அந்த முகத்தை என்னால பார்க்க முடியல. எனக்கு அந்த ஸ்கேனும் தெரியாது, கடவுளும் தெரியாது. நீ சொல்ற அந்தப் பாட்டு காலைல காதுல விழணும், அவ்வளவுதான்" என்றார்.

இதைக் கேட்டு நான் உருகினேன் என்று நினைக்காதே. கொஞ்சம் உருகினேன், இல்லை என்று சொன்னால் பொய். அதற்கு மேல் எரிந்தது. விஷம் வைக்கிறாரோ என்றுகூட நினைத்துவிட்டேன், சிட்டு. கட்டியவரைப் பற்றி அப்படி நினைக்க வைத்துவிட்டார். அவர் கைவேலைக்கு நான் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அதற்குக் கடவுளிடம் நான் இனி என்ன விளக்கம் கொடுப்பது? எல்லாவற்றையும்விட, டாக்டர் என்னைப் பொய்க்காரி என்றபோது இவர் ஃபேனைப் பார்த்தாரே, அதைத்தான் மன்னிக்க வரவில்லை.

"நாளைக்கு வந்து உங்க வாயால டாக்டர்கிட்ட சொல்லணும்" என்றேன். தலையாட்டினார். ஒருவேளை நோய் உள்ளே இருந்து, அந்த வெறும் படத்தை நம்பி நாங்கள் இனிப்பு தின்றுவிட்டுச் சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அதை அவர் யோசிக்கவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த சில வாரத்தை நான் இந்த வீட்டில் கழிக்க முடியாது. அவர் இனிச் செய்ய மாட்டார், தெரியும். ஆனால் ஒவ்வொரு வாயிலும் நான் நாக்கால் தேடுவேன். உன் வீட்டில் இடம் தருவாயா? உன்னை நம்பலாமா என்று கேட்டால் கோபித்துக்கொள்வாய். கேட்கத்தான் செய்கிறேன்.

அண்ணி


பிப்ரவரி 22

அண்ணி,

வாருங்கள். என் சமையலை நம்பலாமா என்றால், என் வீட்டுக்காரர் கொஞ்ச காலமாகவே நம்புவதில்லை. ஆனால் அதில் எதுவும் கலக்கமாட்டேன், பல நேரம் உப்பைக்கூட.

அண்ணன் டாக்டரிடம் சொன்னதைத் தையல்காரி போனில் சொன்னாள். தைத்த வாய் என்றீர்களே, நல்ல தையல். டாக்டர் அவனைத் திட்டிய திட்டு வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டதாம். உங்களிடம் மன்னிப்புக் கேட்டாராமே? அதை நீங்கள் எழுதவில்லை. இப்படியா மறைப்பது?

நீங்கள் முகம் ஊதி, மந்தமாகி, என்னையே சந்தேகப்பட்டாலும் நான் மாத்திரையைத் தொட மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நாலாவது வரியில் நின்றால் நின்றுகொள்ளுங்கள். எனக்கு முதல் வரியே தெரியாது.

சிட்டு


மார்ச் 24

சிட்டுவுக்கு,

உன் வீட்டில் இருந்த நாட்களைப் பற்றி நேரில் பேசியது போதும். உன்னிடம் நான் எரிந்து விழுந்ததையும், பருப்பை முகர்ந்து பார்த்ததையும் நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம், அனுமதி தருகிறேன். கூடத்துச் சொல்லை நீ திருப்பி வாங்கிக்கொண்ட விதத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதே. அது எனக்கே இருக்கட்டும்.

இந்த முறை டி.எஸ்.எச். வேண்டிய அளவு ஏறியிருந்தது. மறுபடி அதே அடித்தளம், அதே குளிகை, அதே பலகை. படம் பாதி வந்ததும் அந்தப் பெண் திரையருகே குனிந்தாள். பிறகு என்னை எழுப்பி, கழுத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, ரவிக்கையை மாற்றி, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னாள். எச்சிலிலும் வேர்வையிலும் மருந்து கசியுமாம். அது துணியில் ஒட்டினால்கூடப் படத்தில் நோய் போலப் புள்ளியாகத் தெரியுமாம். என்னைவிடச் சந்தேகக்காரி. எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது. கழுவி, மாற்றிக்கொண்டு வந்து மறுபடி படுத்தேன். மறுபடி எடுத்தாள். என் தலைக்கு அடியிலிருந்த துண்டைச் சரிசெய்துவிட்டாள்.

இன்று டாக்டரிடம் போனோம். உட்கார்ந்ததும் அவர் என்னைப் பார்க்காமல் உன் அண்ணனைப் பார்த்து, "நீங்க மட்டும் ஒரு நிமிஷம்" என்று தொடங்கினார். எழுந்து வெளியே போகத்தான் வேண்டுமோ என்று நாற்காலிக் கையைப் பிடித்தேன்.

உன் அண்ணன் அதற்குள் எழுந்துவிட்டார். "அவகிட்ட சொல்லுங்க டாக்டர். உடம்பு அவளோடது. நான் வெளியில இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நீங்களும் இருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். இடது கழுத்தில், தாடைக்குக் கீழே, ஒரு புள்ளி. கழுவியும் போகாத புள்ளி. நிணநீர்க் கட்டியில் திரும்ப வந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறார். அல்ட்ராசவுண்டில் அளந்து, ஊசியால் எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். அளவு எவ்வளவு என்பது அதற்குப் பிறகுதான் தெரியுமாம். அயோடினை எடுத்துக்கொள்கிறது என்பதால் அதே அயோடினைப் பெரிய அளவில் கொடுத்துக் கொல்ல வழி இருக்கிறது, ஆபரேஷனும் தேவைப்படலாம் என்றார். முதல் படத்தோடு விட்டிருந்தால் அடுத்த வருடம்தான் பார்த்திருப்போம் என்றார். நான் எல்லாவற்றையும் கேட்டேன், இரண்டு கேள்வி திருப்பிக் கேட்டேன். அழவில்லை. பார்த்துவிட்டோமே என்றுதான் முதலில் தோன்றியது.

வெளியே வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு. நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், சிட்டு. ஒன்றும் இல்லை, சும்மா, வண்டி எங்கே நிறுத்துவது என்று கேட்டேன் என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும், அவர் வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். உன் அம்மாவிடம் நாம் மூவரும் ஏன் அப்படிப் பேசினோம் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "இருக்கு. இடது பக்கம். திரும்ப வந்திருக்கு, வைத்தியம் இருக்குன்னு சொல்றார். சின்னதுதானாம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வண்டியை எடுத்துவரப் போனார்.

சின்னது என்று டாக்டர் சொல்லவில்லை. அதை நான் சேர்த்தேன். அவர் உன்னிடம் போனில் கேட்டால் நீயும் அப்படியே சொல்.

அண்ணி